எண்ணிப் பார்க்கலாம் வாங்க: ராமானுஜன் விட்ட ஓர் எண்

எங்கள் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மகளுக்கும் மருமகனுக்கும் வெளியூரில் வேலை என்பதால் இவள் பவானியில் எங்களோடு இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் “அப்புச்சி, திங்க என்ன இருக்குது?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். போன வியாழக்கிழமை அந்தக் குரல் கேட்கவில்லை. பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய அம்மாயி கொடுத்த முறுக்கும் வேண்டாம் என்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினாள்.

“36-ன் காரணிகளை எழுதுக” என்பது கேள்வி. அவள் எழுதியிருந்தது: 1, 2, 3, 4, 9, 12, 18, 36. மேலே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. மார்க் பூஜ்யம்.

“எட்டு எழுதிட்டனுங்க அப்புச்சி. ஒண்ணே ஒண்ணுதான் உட்டுப் போச்சு. அதுக்குப் போயி முட்டை போட்டுட்டாங்க. எனக்குக் கணக்கு வராதுங்க” என்றாள். கண்ணில் தண்ணீர்.

விட்டுப்போனது 6. அவள் ஜோடி ஜோடியாக எழுதியிருக்கிறாள். 1-க்கு ஜோடி 36, 2-க்கு 18, 3-க்கு 12, 4-க்கு 9. முறை சரிதான். ஆனால் 6-க்கு ஜோடி 6-ஏ. தனக்குத் தானே ஜோடி என்பதால் கண்ணில் படாமல் நழுவிவிட்டது. 4, 9, 16, 25, 36 போன்ற வர்க்க எண்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று தனியாக நிற்கும். அதனால்தான் அவற்றின் காரணிகளை எண்ணினால் எப்போதும் ஒற்றைப்படையில் வரும்.

இதைச் சொன்னால் அப்போதைக்கு அவள் கேட்கிற நிலையில் இல்லை. அதனால் வேறொன்று சொன்னேன். “கண்ணு, காரணிக் கணக்குல ஒண்ணே ஒண்ணை உட்டவரு இன்னொருத்தரு இருக்காரு. நம்ம ஈரோட்டுலதான் பொறந்தாரு.”

“ஆருங்க?”

“ராமானுஜன்.”

முறுக்கை வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

பவானியிலிருந்து ஈரோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாச ராமானுஜன் பிறந்தது அங்கேதான், அவருடைய அம்மாவின் பெற்றோர் வீட்டில். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அப்புச்சி வீட்டில். அப்போது ஈரோடும் பவானியும் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தன. அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். அதனால் அவர் வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் கும்பகோணத்தில். கணக்கு தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1914-ல் கப்பலேறி இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஹார்டியிடம் சேர்ந்தார்.

மறு வருடமே, 1915-ல், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. அறுபது பக்கங்களுக்கு மேல். பொருள் என்ன தெரியுமா? என் பேத்தியின் பரீட்சைத் தாளில் இருந்த அதே விஷயம்தான். காரணிகள்.

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் இருக்க முடியும்? காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் ஓர் எண் முந்திவிட்டால், அது என்ன மாதிரி எண்? இப்படிப்பட்டவற்றை அதிகம் பகுபடும் எண்கள் என்று சொல்லலாம். நமக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நான் இவற்றைச் சாம்பியன் எண்கள் என்கிறேன்.

ஒரு சின்ன உதாரணம். எங்கள் தெருவில் இன்னும் ஜமக்காளத் தறி ஓடும் வீடு இருக்கிறது. பவானி ஜமக்காளத்தை உங்களில் பலர் கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள், வீட்டில் விரித்துப் படுத்திருப்பீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக வண்ணம் மாறிக்கொண்டே போகும். ஆறடி நீளம் என்றால் 72 அங்குலம். அதை மிச்சமில்லாமல் சம பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். 2, 3, 4, 6, 8, 9, 12 என்று எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். 73 அங்குலம் என்றால் ஒரு விதத்திலும் முடியாது, ஏனென்றால் 73 பகா எண். ஒரே ஓர் அங்குலம் கூடியதும் வண்ணம் மாற்றும் வாய்ப்பெல்லாம் போய்விடுகிறது. “அளவு எடுத்துப் பிரிச்சுக்கிட்டுத்தானுங்க நாடாவை மாத்துவோம், இல்லாட்டிக் கடைசிப் பட்டை குறைஞ்சு போயிருமுங்க” என்றார் தறிக்காரர்.

72-க்கு மொத்தம் 12 காரணிகள். 72 சாம்பியனா? இல்லை. ஏனென்றால் அதற்கு முன்பே 60-க்கு 12 காரணிகள் கிடைத்துவிட்டன: 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60. அறுபதுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 காரணி கிடையாது. அதனால் பட்டம் 60-க்கு.

சாம்பியன்களை வரிசையாகச் சொன்னால் 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். இந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வருடத்துக்கு 12 மாதம். நாளுக்கு 24 மணி. நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம். ஜாதகத்தில் தசா வருடங்களின் மொத்தம் 120. வட்டத்துக்கு 360 பாகை. பாகம் பிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நம் முன்னோர் கையில் வந்து விழுந்தவை சாம்பியன் எண்கள். அரையாகவும் காலாகவும் மூன்றில் ஒன்றாகவும் மிச்சமில்லாமல் பிரிக்க வந்தால்தானே வேலைக்கு ஆகும்?

(பேத்தி விட்ட 36-ம் ஒரு சாம்பியன் என்பதைக் கவனித்தீர்களா? அவளிடம் இதைச் சொன்னபோது, “அதான் இவ்ளோ கஷ்டமா இருந்துச்சு” என்றாள்.)

இனி, காரணிகளை எழுதாமலே எத்தனை என்று எண்ணும் வழியைப் பார்ப்போம். இதுதான் இந்த வாரத்தின் முக்கியமான சங்கதி.

12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 = 2 × 2 × 3. இதன் ஒரு காரணியை உருவாக்க வேண்டுமென்றால் எத்தனை 2 எடுப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம். மூன்று வழி. அடுத்து 3. எடுக்கலாம், விடலாம். இரண்டு வழி. 3 × 2 = 6. பன்னிரண்டுக்கு 6 காரணிகள். எழுதிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. சரியாக இருக்கிறது.

அதாவது, எண்ணைப் பகா எண்களாக உடையுங்கள். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தடவை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். வந்தவற்றைப் பெருக்குங்கள். 36-ல் இரண்டு 2, இரண்டு 3. 3 × 3 = 9. “பரீட்சையில மொதல்ல இதைப் போட்டுப் பார்த்திருந்தா, எட்டுத்தான் எழுதியிருக்கறோம், ஒண்ணு குறையுதுன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு விரலால் துவைக்கிற கல்லில் 48 என்று எழுதினாள். நான்கு 2, ஒரு 3. “அஞ்சு ரெண்டு பத்து. 48-க்குப் பத்துங்களா அப்புச்சி?” பத்துதான்.

ராமானுஜன் கண்டுபிடித்துச் சொன்ன விதிகளில் ஒன்றையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். 18-ம் 12-ம் ஒரே சாமானில் செய்த இரண்டு பலகாரம் மாதிரி. 12-ல் இரண்டு 2, ஒரு 3. 18-ல் ஒரு 2, இரண்டு 3. இரண்டுக்கும் 6 காரணிகள்தான். ஆனால் சின்ன எண்ணான 2-ஐ அதிகம் போட்டதால் 12 சிறியதாக இருக்கிறது, பட்டத்தையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. ஆகவே சாம்பியன் எண்ணில் 2-கள்தான் அதிகம் இருக்கும். 3-கள் அதைவிட மிகாது. 5-கள் 3-களை மிகாது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடாமல் வரிசையாக வரும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இந்தக் கடைசி விதிக்கு 4, 36 என்ற இரண்டு மட்டும் விதிவிலக்கு என்றும் அவர் நிரூபித்தார்.

அந்தக் கட்டுரையில் சாம்பியன்களின் பெரிய பட்டியல் ஒன்றும் இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாத காலம். முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். பட்டியலில் மொத்தம் 102 எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. சொல்லிப் பார்க்கிறீர்களா? ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்து எட்டாயிரத்து எண்ணூறு. அதற்கு 10,080 காரணிகள்.

பின்னாளில் பட்டியலைச் சரிபார்த்தபோது தெரிந்தது, இடையில் ஓர் எண்ணைக் காணோம்! 102 அல்ல, 103 இருந்திருக்க வேண்டும். விடுபட்ட எண் இதுதான்:

2,93,31,86,25,600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு.

இதை உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. விதிகள் எல்லாம் பொருந்துகின்றன பாருங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் எதுவும் விடுபடவில்லை, கடைசி ஒன்று ஒரே முறை. காரணிகளை எண்ணுவோம். ஆறோடு ஒன்று 7. நான்கோடு ஒன்று 5. பிறகு 3, 3. பிறகு நான்கு 2-கள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040.

ராமானுஜன் பட்டியலில் இதற்கு முன்னால் வர வேண்டியவர் 2,40,94,02,99,600. அவருக்கு 4,800 காரணிகள். அடுத்தவர் 3,21,25,37,32,800. அவருக்கு 5,376. நடுவே 5,040 காரணிகளோடு நிற்க வேண்டியவர், பந்தியில் இலை போடும்போது விட்டுப்போன விருந்தாளி மாதிரி வெளியே நின்றுவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த எண் 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும். 23-ல்தான் முதல் தடவையாகத் தடுக்கும். சரி, 23-ஆலும் வகுபடட்டும் என்று அதை 23-ஆல் பெருக்கினால் என்ன வருகிறது? 67,46,32,83,88,800. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணேதான்! அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் தங்கையை விட்டுவிட்டார்.

5,040 என்ற எண்ணிக்கையும் லேசுப்பட்டது அல்ல. அதுவே ஒரு சாம்பியன். அதற்கு 60 காரணிகள். 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவதும் அதுதான். கிரேக்க ஞானி பிளேட்டோ தன் கடைசி நூலான ‘சட்டங்கள்’ என்பதில், ஒரு நல்ல ஊரில் 5,040 குடும்பத் தலைவர்கள் இருக்கட்டும் என்கிறார். நிலத்தைப் பங்கு போடவும் ஆட்களைப் பிரிக்கவும் தோதாக இருக்கும் என்பதுதான் காரணம்.

இன்றைய கணிதத்திலும் இந்த 5,040 வந்து நிற்கிறது. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு வரம்பு கட்டிவைத்திருக்கிறார்கள். சில சின்ன எண்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டுவதாக இதுவரை தெரிந்தவற்றில் ஆகப் பெரியது 5,040. அதற்கு மேல் எந்த எண்ணும் தாண்டாது என்று நிரூபித்துவிட்டால், ரீமான் கருதுகோள் என்ற புகழ்பெற்ற புதிரையே நிரூபித்ததாகும் என்று 1984-ல் பிரெஞ்சுக் கணிதர் ராபின் காட்டினார். அந்தப் புதிருக்கு 10 லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. இன்னும் யாரும் வாங்கவில்லை.

ராபினுக்கு 70 வருடங்களுக்கு முன்பே ராமானுஜன் இதே திசையில் நடந்திருந்தார். ஆனால் அந்தப் பகுதி 1915-ல் அச்சேறவில்லை. சங்கத்துக்கு அப்போது பணமுடை. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பாதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். அது ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற இதழின் முதல் தொகுதியில், நிக்கோலா, ராபின் இருவரின் குறிப்புகளோடு வெளிவந்தது 1997-ல். ராமானுஜன் இறந்தது 1920 ஏப்ரல் 26. அவர் எழுதியதை உலகம் முழுதாகப் படிக்க அதற்குப் பிறகு 77 வருடம் ஆகியிருக்கிறது.

கதையை இத்தனை நீளமாக நான் பேத்தியிடம் சொல்லவில்லை. எண் விடுபட்ட இடம் வந்ததுமே குறுக்கே கேட்டாள்.

“ஒண்ணு உட்டதுக்கு அவருக்கும் முட்டை போட்டாங்களா அப்புச்சி?”

“இல்ல சாமி. அந்தக் கட்டுரைக்குத்தான் 1916-ல கேம்பிரிட்ஜ்ல பட்டம் குடுத்தாங்க.”

எஃப்.ஏ. தேறாதவருக்கு அந்தக் கட்டுரைதான் பி.ஏ. பட்டம் வாங்கிக் கொடுத்தது. விடுபட்ட எண்ணால் அவருடைய விதிகள் எதுவும் தப்பாகிவிடவில்லை. அந்த விதிகளை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் விடுபட்டதையே கண்டுபிடிக்க முடிந்தது. பட்டியலில் ஒன்று குறைந்தது. கணக்கு குறையவில்லை.

அதற்காக, விட்டது விட்டதுதான், பரவாயில்லை என்று அவளிடம் சொல்ல மாட்டேன். 6 காரணிதான். அதை எழுதியிருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை விடுவது வேறு, கணக்கு வராது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பத்து வயதிலேயே கணக்கைக் கும்பிட்டு அனுப்பிவிட்டவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவளுடைய அம்மாயியே அப்படிப்பட்டவள்தான். கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருடம் ஒரு பைசா தப்பாமல் வரவு செலவு எழுதியவள், இன்றைக்கும் “எனக்குக் கணக்கு வராதுங்க” என்பாள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பேத்தி ரஃப் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். 60, 72, 84 என்று எழுதி உடைத்துக்கொண்டிருந்தாள். தூங்கப் போகும்போது ஜமக்காளத்தை விரித்துவிட்டு, அதில் பட்டைகளை எண்ணினாள். “பதினெட்டுங்க அப்புச்சி. ஆறு காரணி. ஆனா சாம்பியன் இல்ல, பன்னெண்டு முந்திக்கிச்சு” என்றாள்.

அடுத்த வாரம் சந்திப்போம். இரண்டு பத்திக்கு நடுவே ஒரு வாரம், அதாவது 10,080 நிமிடம். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணுக்கு எத்தனை காரணி என்று மேலே போய் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். விடுபட்ட எண்ணுக்கு அதில் சரிபாதி.

இந்த வாரக் கேள்வி: 1 முதல் 100 வரை உள்ள எண்களில் சரியாக 12 காரணிகள் கொண்டவை எத்தனை? 60, 72 இரண்டையும் நானே சொல்லிவிட்டேன். மற்றவற்றைக் கண்டுபிடியுங்கள். எழுதி முடித்ததும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.